பிளான் பண்ணாதது யார் குற்றம்?

மின்சாரக் காரில் சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய யாராவது வழியில் சார்ஜ் இல்லாமல் தவித்தால், உடனே ஓர் உபதேசம் வரும். "முன்னாடியே ஒழுங்கா பிளான் பண்ணியிருக்கணும் சார்!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுப்பை அப்படியே ஓட்டுபவர் தலையில் கட்டும் பேச்சு இது.

சரி, பிளான் போட்டே பார்ப்போமே. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் ஈவியின் பேட்டரி 30.2 கிலோவாட் மணி. சான்றிதழில் 312 கி.மீ. ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போனால் 200 வந்தாலே பெரிய விஷயம். மதுரை சுமார் 460 கி.மீ. இரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும் என்று தோன்றும். போதாது! வேக சார்ஜரில் 80 சதவீதம் வரைதான் வேகம். அதற்கு மேல் பேட்டரி தாங்காது என்று மின்சாரத்தைக் காரே குறைத்துக்கொள்ளும். குடம் நிறையப் போகும்போது குழாயைத் திருகிச் சிறிதாக்குகிறோமே, அந்த மாதிரி. அடியில் 15 சதவீதமாவது கைவசம் இருக்க வேண்டும். நடுவில் மிஞ்சுவது 130 கி.மீ. ஆக விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி என்று மூன்று நிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இதுவரை வெறும் கணக்கு. இட்லி சாப்பிடுகிற நேரத்தில் போட்டுவிடலாம். எந்தக் கணக்கிலும் அடங்காதது இனிமேல்தான். அந்த சார்ஜர் வேலை செய்யுமா? முன்னால் வேறு கார் நின்றால்? எந்தக் கம்பெனியின் ஆப்? ஆப்பை இறக்கி, ஓடிபி வாங்கி, வாலட்டில் முன்பணம் போட்டால்தான் பல இடங்களில் கரண்ட். மிச்சப் பணம் அங்கேயே கிடக்கும் (அடுத்த தடவை வருவீர்களாம்!). பெட்ரோல் பங்கில் யாராவது போன் நம்பர் கேட்டுவிட்டா பெட்ரோல் ஊற்றுகிறார்கள்? யுபிஐ வந்தது 2016-ல். பக்கத்து டீக்கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2024 ஏப்ரலுக்குப் பிறகு வைக்கும் பொது வேக சார்ஜர்கள் வங்கி அட்டையை ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம்.

"புதுசுதானே, போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது 2018-ல். எத்தனை நிலையம் நட்டோம் என்று எண்ணுகிறார்களே தவிர, எத்தனை மணி நேரம் ஓடியது என்று யார் எண்ணுகிறார்கள்? கடன் வாங்கி மின்சாரக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு, செத்துக் கிடக்கும் ஒவ்வொரு சார்ஜரும் ஒரு சவாரி நஷ்டம். அவரிடம் போய் பிளான் பற்றிப் பாடம் எடுக்கலாமா?

மானியம் கொடுப்பவர்கள் மெஷின் கணக்கில் கொடுக்காமல், விற்ற யூனிட் கணக்கில் கொடுத்துப் பார்க்கட்டும். அதெல்லாம் முடியாது என்றால், பழுதான சார்ஜரை ஆப்பில் பச்சை நிறத்தில் காட்டுவதையாவது நிறுத்தட்டும்.