குப்பை மேடும் கூரை வீடும்: கிராம சபையில் யாரை, எப்படிக் கேட்பது?

கேள்வி: "எங்கள் கூரை வீட்டைக் கணக்கெடுத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதா, இல்லையா என்று யாரும் சொல்வதில்லை. ஊர்க் குப்பையை எங்கள் கடலைக் கொல்லையை ஒட்டிய ஓடைக்கரையில் கொட்டி எரிக்கிறார்கள். பிளாஸ்டிக் தின்ற கறவை மாடு ஒன்று போன மாதம் செத்துவிட்டது. முன்பெல்லாம் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சண்டையாவது போடுவோம். இப்போது தலைவரும் இல்லை. யாரைக் கேட்பது?"
– ஒரு வாசகி, செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: தலைவர் இல்லை என்று இந்த அம்மா சொல்வது சரிதான். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. திருவண்ணாமலையும் அதில் சேர்ந்தது. அதன்பின் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பது ஊராட்சிகளுக்கு மேல் வரும். அத்தனைக்கும் ஒருவர் என்றால், சண்டை போடக்கூட ஆள் சிக்க மாட்டார்.

ஆனால் கிராம சபை கலையவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். தலைவர் இருந்த காலத்தில் சபைக்குப் போகாவிட்டாலும் காரியம் எப்படியோ நடந்தது. இப்போது ஊர் தன் வாயால் கேட்கிற ஒரே இடம் அதுதான். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர் வரை 100 பேர், 10,000 பேர் வரை 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். எண்ணிக்கை குறைந்தால் வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குகிற பழக்கம் சில ஊர்களில் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போடும் அந்தக் கையெழுத்து, படிக்காத தீர்மானத்துக்கும் சேர்த்துத்தான் போகிறது.

முதலில் வீடு. 'பட்டியல்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தத் திட்டத்தின் பட்டியல் என்று கேட்க வேண்டும். மத்திய அரசின் ஊரக வீட்டு வசதித் திட்டம் வேறு. அதில் சமவெளிப் பகுதிக்கு அலகுத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம், கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு மேற்கொண்டு சேர்க்கிறது. கலைஞரின் கனவு இல்லம் வேறு. 2024-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை போட வேண்டும். குடிசையில் குடியிருப்பவராகவும், அந்த இடம் அவருடையதாகவும் இருக்க வேண்டும். ஏரி, ஓடை போன்ற ஆட்சேபனைக்குரிய புறம்போக்கில் குடிசை இருந்தால் சேராது. மாடு கட்டவும் கடை வைக்கவும் மட்டுமே பயன்படும் குடிசையும் சேராது. இடம் நத்தமாக இருந்து பட்டா பெயர் மாறாமல் கிடந்தால், சபைக்கு முன்பே இ-சேவை மையத்தில் மனு போட்டு, ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு போவது நல்லது. மாமனார் பெயரிலேயே நிற்கும் பட்டாதான் பல வீடுகளில் முட்டுக்கட்டை. அண்ணன் தம்பிக்குள் பேசி முடிக்காமல் அதை யாராலும் தீர்க்க முடியாது.

பயனாளிகள் பட்டியலைச் சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "அடுத்த முறை பார்க்கலாம்" என்பது காரணம் ஆகாது. கோரிக்கையை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குப்பை. "நிதி இல்லைம்மா" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். 2025-26 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. அதில் பாதி சுகாதாரத்துக்கும் பாதி குடிநீருக்கும். அதை எடுத்துத் தெருவுக்குச் சிமென்ட் சாலை போட முடியாது. இதோடு தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் திடக்கழிவுக்கு ஆளுக்கு 60 ரூபாய், கழிவுநீருக்கு ஆளுக்கு 280 ரூபாய் வரை என்று கணக்கு இருக்கிறது. 2,000 பேர் உள்ள ஊருக்குத் திடக்கழிவுக்கு மட்டும் 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. ஆகவே சபையில் "குப்பையை அள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "சுகாதாரத்துக்கான கட்டுண்ட நிதியில் இந்த ஆண்டு வந்தது எவ்வளவு, செலவு எதற்கு?" என்று கேட்க வேண்டும். வரவு செலவு அறிக்கையைப் படிவம் 30-இல் சபையில் வைத்தாக வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் பெயரைப் போட்டு முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொண்டு போகலாம்.

இறந்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்கியிருந்தால், அந்த ஒரு தாள் சபையில் பத்துப் பேர் பேச்சுக்குச் சமம். இந்த மாட்டுக்கு நேரம் கடந்துவிட்டது. பக்கத்துத் தொழுவத்தில் எந்த மாடாவது தீனி குறைந்து, அசை போடாமல், அடிக்கடி வயிறு உப்பி, சாணம் கொஞ்சமாகப் போட்டால் நாட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உரிய நேரத்தில் அறுவை செய்து வயிற்றில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட முடியும். கொல்லையில் பறந்து விழுந்த பால் கவர்களைப் பொறுக்காமல் கடலைக்கொடியைப் போர் போட்டால், ஓடைக்கரைக்குப் போகாத மாடும் பிளாஸ்டிக் தின்னும்.

எரிந்த சாம்பலை உரம் என்று நினைத்து வயலில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அடுப்புச் சாம்பல் வேறு, இது வேறு. பேட்டரி, பெயின்ட் டப்பா, ஒயர் எல்லாம் எரிந்த சாம்பலில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். மண்ணில் சேர்ந்தால் அவை போகாது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. இந்தச் சாம்பலை யாரும் சோதித்துக் கொடுப்பதில்லை.

பல ஊராட்சிகளில் மண்புழு உரக் கூடாரம் கட்டி, அதில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள். காரணம் எளிது. கிராமத்தில் சோறும் கழுநீரும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகின்றன. குப்பை வண்டியில் வருவது ஷாம்பு பாக்கெட்டும் மதுப் பாட்டிலும்தான். புழுவுக்குத் தீனி ஏது? ஊர்க்காரர்கள் பாதி மக்கிய சாணமும் தோகையும் கொடுத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் 45 முதல் 60 நாளில் உரம் எடுக்கலாம். புதுச் சாணம் சூடு, புழு செத்துவிடும். அந்த உரத்தைச் சபை நிர்ணயிக்கிற விலைக்கு ஊர் விவசாயிகளுக்கே கொடுக்கத் தீர்மானம் போடலாம்.

விவசாயிகள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. காலி பூச்சிமருந்துப் பாட்டிலை அப்படியே குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். அதைத் தூய்மைக் காவலர், பல ஊர்களில் ஒரு பெண், கையுறை இல்லாமல் பிரிக்கிறார். பாட்டிலை மூன்று முறை நீர் விட்டுக் கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பான் டாங்கிலேயே ஊற்றி அடித்துவிட வேண்டும். பாட்டிலை ஓட்டை போட்டுத் தனிச் சாக்கில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூடாக்கு ஷீட், கிழிந்த சொட்டுநீர்க் குழாய் இவற்றையும் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். சபையில் ஓடைக்கரைக் குப்பையைப் பற்றி எழுந்து பேசும்போது, "அதில் பாதி உங்கள் மருந்துப் பாட்டில்" என்று யாராவது திருப்பிச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வரும் ஆகஸ்ட் 15 சபைக்கு இந்த அம்மா தனியாகப் போக வேண்டாம். ஓடைக்கு அக்கரையில் கொல்லை வைத்திருப்பவர்களையும் மாடு வைத்திருப்பவர்களையும் சேர்த்து அழைத்துப் போகட்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.