சிப்பிப்பாறைக்கு ஓட்டமே அளவுகோல்

தமிழக அரசு 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டபோது, நம் வெயிலுக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களுக்கு விதித்த தடையே பெரிய செய்தியானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டு இனங்களைக் காக்க வேண்டும் என்று அதே கொள்கை சொல்வது அவ்வளவாகப் பேசப்படவில்லை. காப்பது நல்லதே. ஆனால் எதைக் காப்பது என்று இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, விரட்டிப் பிடிக்க உருவான நாய் சிப்பிப்பாறை. மூச்சுக்கு இடம் கொடுக்கும் ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், திரும்பும் வேகத்தில் உடலை நிலைநிறுத்தும் சாட்டை வால், சூட்டைத் தாங்கும் குட்டை ரோமம் என அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. இந்த இலக்கணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. சரியாக ஓடாத நாயிடம் குட்டி எடுக்க மாட்டார்கள். நன்றாக ஓடும் கடுவன் அடுத்த ஊரில் இருந்தால் பொட்டையை அங்கே கொண்டு போவார்கள். காடுதான் தேர்வுக்களம்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. அது சரியான சட்டம். முயல் வேட்டையை எந்தப் பெயரிலும் திரும்பக் கொண்டுவரக் கூடாது. ஆனால் அந்தத் தேர்வு போன இடத்தில் வேறு தேர்வு எதுவும் வரவில்லை. அந்த வெற்றிடத்தைக் கண்காட்சி மேடையும் கைபேசிப் படமும் நிரப்பிக்கொண்டன. உயரமும் நிறமும் விலையைத் தீர்மானிக்கின்றன. கிரேஹவுண்டோடு கலந்த குட்டிகள் சிப்பிப்பாறை என்றே விலைபோகின்றன என்பது வளர்ப்போரின் நெடுநாள் புகார்.

தோற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையமே சாட்சி. 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்ற பிடிவாதத்தால், நிறம் கலந்து பிறந்த குட்டிகள் ஈத்துக்கு ஈத்து ஒதுக்கப்பட்டன. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் கேட்கும் திறன் போய்விடும். பிறவிச் செவிடு இந்த இனத்தில் அறியப்பட்ட குறை. காவலுக்குப் பேர்போன நாய்க்குக் காது கேட்காது என்றால் அந்த வெள்ளையால் யாருக்கு லாபம்?

கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளே என்று வளர்ப்போர் பலர் சொல்கிறார்கள். இதை மரபணு ஆய்வு தீர்க்கட்டும். அதற்குள் நிறத்துக்கு ஒரு வேலி போட்டால், ஏற்கெனவே சிறிய கூட்டம் இன்னும் சிறுத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்க வேண்டிவரும்.

தெருவில் இத்தனை நாய்கள் வீடின்றி அலையும்போது இனவிருத்தி எதற்கு என்று விலங்கு நல ஆர்வலர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சைதாப்பேட்டையில் அரசே நடத்திய நாய் வளர்ப்பு நிலையம் நீதிமன்றம் வரை போய் மூடப்பட்ட வரலாறும் நமக்கு இருக்கிறது. அதனால் கூண்டு வரிசையில் குட்டி உற்பத்தி செய்யும் நிலையங்களை நாம் கேட்கவில்லை. வளர்ப்போர் பதிவை 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. அவற்றுக்கு உட்பட்டு, கிராமத்து வீடுகளிலேயே இனம் வாழ வேண்டும் என்கிறோம். அதற்கு அரசின் ஆய்வுத் துணையும் வேண்டும். கர்நாடகத்தில் முதோல் என்ற நாட்டு வேட்டை நாய்க்கென்று திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் இருக்கிறது. அந்த நாய்கள் ராணுவப் பயிற்சி வரை போயின.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவு செய்துள்ளது. ஆனால் வாங்கும் குட்டியின் தாய் தகப்பன் யார் என்பதை அந்தப் பதிவு சொல்லாது. ஆகவே அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, மைக்ரோசிப்போடும் மரபணுச் சோதனையோடும் கூடிய வம்சாவளிப் பதிவேடு. பதிவுச் சான்று இல்லாமலே தலைமுறைகளாக நல்ல நாய் வளர்த்த சம்சாரிக்கும் அதில் இடம் வேண்டும். இரண்டாவது, இனவிருத்திக்கு விடும் ஒவ்வொரு ராஜபாளையத்துக்கும் செவித்திறன் சோதனை. டால்மேஷன் குட்டிகளுக்கு ஐந்து வார வயதிலேயே இதைச் செய்கிறார்கள். மூன்றாவது, உயிருள்ள இரைக்குப் பதிலாகக் கயிற்றில் இழுபடும் துணியைத் துரத்தும் ஓட்டச் சோதனை. மேலை நாடுகளில் இரையைக் கண்ணால் கண்டு விரட்டும் வேட்டை நாய்களின் திறனை அப்படித்தான் பார்க்கிறார்கள். பந்தயப் பணம் அதன் பக்கமே வரக் கூடாது.

கண்காட்சி நடத்தும் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஓடிக் காட்டாத, காது கேட்காத நாய்க்கு எவ்வளவு அழகு இருந்தாலும் கோப்பை இல்லை என்று அவை அறிவிக்கட்டும். கோப்பை எதற்குக் கிடைக்கிறதோ, அதற்காகத்தான் சந்தை குட்டி எடுக்கும்.