கூட்டுப்புழுவும் கல்லறையும்

உயிர்த்தெழுந்த திருநாளன்று பட்டாம்பூச்சியைக் குறித்து ஒரு சொல்லேனும் கேளாமல் ஆலயத்தினின்று வீடு திரும்புதல் அரிது. புழு இறந்து, கூடென்னும் கல்லறையில் அடங்கிப் பின் சிறகோடு எழுகின்றதென்பர் போதகர். கேட்டற்கு இனிய உவமையே. ஆயினும் அது பொருந்தாதென்றும், அதனாற் சிறு தீங்கொன்று விளைகின்றதென்றும் கூறத் துணிகின்றேன்.

பொத்தேரியில் இருப்புப்பாதை ஓரத்தும் ஏரிக்கரை மேட்டிலும் எருக்கு தானே முளைத்து வளர்கின்றது. எருக்கம்பூவைச் சூட்டினும் தெய்வம் மறுப்பதில்லை என்னுங் கருத்தைப் பாரியைப் புகழுமிடத்துக் கபிலர் புறநானூற்றில் அமைத்துள்ளார். மனிதர் நாடாத அச்செடியையே வெந்தய வரியன் என வழங்கும் செம்மஞ்சட் பட்டாம்பூச்சி தன் மக்கட்குத் தொட்டிலாகக் கொள்கின்றது. தாய், பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தே, முட்டைகளைத் தனித்தனியாக இடும். சில நாளில் வெளிவரும் புழுவிற்கு முட்டையோடே முதலுணவு. பின்னர் இலையை அரித்துண்டு பெருத்து 4 முறை தோலுரிக்கும். கருமையும் வெண்மையும் மஞ்சளுமாக வளையமிட்ட அதன் உடலினின்று 3 இணைக் கரிய இழைகள் நீண்டிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சை அது தன்னுடலிற் சேர்த்துக்கொள்வதுண்டு; உண்ட பறவை குமட்டலுற்று மறுமுறை அணுகாது. சிறகு பெற்ற பின்னும் அந்நஞ்சே காவல். நஞ்சற்ற வேறோர் இனத்தின் பெண் பூச்சி, இதன் கோலத்தை மட்டும் பூண்டு பிழைத்துப்போவது தனி வேடிக்கை!

வளர்ந்த புழு தலைகீழாகத் தொங்கி, இறுதித் தோலையுங் கழற்றிக் கூட்டுப்புழுவாகின்றது. இதனைத்தான் கல்லறை என்கின்றோம். உள்ளே இதயக்குழல் துடித்துக்கொண்டிருக்கின்றது. மூச்சுக்குழல்கள் காற்றை வாங்கிக்கொண்டிருக்கின்றன. புழுவின் தசைகளிற் பல கரைந்துபோவது மெய்யே. ஆனாற் சிறகிற்குரிய அரும்புகள் புழுப் பருவத்திலேயே உடலுக்குள் அமைந்துவிட்டன. ஒல்லாந்து நாட்டுச் சுவாமர்டாம் என்பார் 17-ஆம் நூற்றாண்டிலேயே புழுவின் தோலைப் பிரித்து அவற்றைக் காட்டினார். 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார், புகையிலைப் புழுக்கட்கு ஒரு நாற்றத்தோடு மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பழக்கினர். முதிர்ந்த பருவத்தில் அவ்வாறு பழகியவற்றுட் பல, அந்துப்பூச்சிகளான பின்னும் அந்நாற்றத்தை விட்டு விலகின. பிணம் நேற்றைய நோவை நினைக்குமோ?

கிறிஸ்து மெய்யாகவே மரித்தார் என்பது நம் விசுவாசம். மரியாத ஒன்றை அம்மரணத்திற்கு ஒப்பிடுதல், மரணத்தையும் சிறிதாக்கும், எழுதலையும் சிறிதாக்கும். உவமை ஒருவாறு பொருந்துமிடம் வேறு. தோமாவிற்குக் காட்டப்பெற்ற கைகளிற் பழைய காயங்கள் இருந்தன. எழுந்தவர் அவரே என்பதற்கு அவையே சான்று. பட்டாம்பூச்சியும் புழுவின் நஞ்சையும் நினைவையுஞ் சுமந்தே பறக்கின்றது. இதனைக் கூறும் போதகரை யான் இதுவரை கேட்டிலேன்.

இனி, தீங்கு யாதெனில், சிறகையே பொருளாகக் கொண்டு புழுவைக் கழித்துவிடுதல். ஓர் ஆலய வளாகத்தில் திருநாளுக்குச் சில நாள் முன்பு எருக்கெல்லாம் வேரோடு அகழ்ந்து எரிக்கப்படக் கண்டேன். இலைகளிற் புழுக்களும் கூடுகளும் இருந்தன. அடுத்த ஞாயிறன்று அங்கேயே சிறுவர்கள் வண்ணத்தாளிற் பட்டாம்பூச்சி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தனர். ஆலயத்தாரை மட்டும் குறைகூறுவானேன்? 2019-இல் நம் அரசு தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அதன் பெயரறிந்தாருள் எத்தனைபேர், அதன் புழுவிற்கு உணவாகும் நீரடிமுத்து மரத்தை அறிவர்?

வளாகத்தின் ஒரு மூலையில் நாலைந்து எருக்கஞ்செடிகளை விட்டுவைத்தல் யார்க்கும் இடையூறன்று. போதகர் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லட்டும். கூட்டின் பசுமை மாறி உள்ளே செஞ்சிறகு தெரியுமாயின், மறுநாட் காலையே அவர்களை வரச்சொல்லலாம். கூடு பிளந்து வெளிவரும் பூச்சியின் சிறகுகள் ஈரமாய்ச் சுருங்கிக் கிடக்கும். அது கூட்டையோ தண்டையோ பற்றித் தொங்கியவாறு உடல்நீரைச் சிறகின் நரம்புகளுட் செலுத்த, அவை மெல்ல விரியும். பின்னும் உலரும்வரை காத்திருக்கும். அதற்குள் கீழே விழுந்தால் சிறகு சுருங்கியபடியே இறுகிவிடும் ஆதலின், ஒருவரும் செடியை அசைத்தலாகாது. எருக்கம்பால் கண்ணிற் படாதவாறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.