கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கலாமா?



சித்தூர், திருப்பதி பக்கத்து வாசகர்கள் பலர் ரத்தப் பரிசோதனைக்கு வேலூருக்கோ, திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ போய்வருகிறீர்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? 'டோட்டல் கொலஸ்ட்ரால்' வரியைத் தேடுகிறோம். 200-க்குள் இருந்தால் 'அப்பாடா' என்று மடித்துவிடுகிறோம்.

அதற்குக் கீழேயும் சில வரிகள் உண்டு. அவை இதயத்தைப் பற்றி மட்டுமல்ல, கல்லீரலைப் பற்றியும் பேசுகின்றன.

இரண்டு பேருக்கு டோட்டல் 190 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நல்ல கொலஸ்ட்ரால், அதாவது ஹெச்.டி.எல்., 60. மற்றவருக்கு 35. டோட்டலிலிருந்து ஹெச்.டி.எல்.லைக் கழித்து, மிச்சத்தை அதே ஹெச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு 2.2, இரண்டாமவருக்கு 4.4! இந்த விகிதம் ஏற ஏற, ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு சேரும் நோய், இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியிருந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை.

"நான் குடிப்பதே இல்லையே, எனக்கு எதற்கு லிவர் கவலை?" என்பீர்கள். மதுவைத் தொடாதவர்களுக்கும் வருகிற நோய் இது. 2021-இல் மத்திய அரசே இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில்தான் எனக்குக் கவலை. தட்டில் சோறு அதே குவியல்தானே? செலவாகாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மீதியை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்புகிறது. அது ஏறினால் ஹெச்.டி.எல். இறங்கும். கேழ்வரகுக் களி தின்றுவிட்டுக் கழனியில் இறங்கிய தாத்தாவுக்கு வரவும் இருந்தது, செலவும் இருந்தது. நமக்கு மூன்று வேளை அரிசி, நடுநடுவே சர்க்கரை போட்ட காபி, அப்புறம் நாற்காலி.

திருப்பதி லட்டை விடச் சொல்லவில்லை. பிரசாதம் ஒரு விள்ளல் போதாதா? அலிபிரியில் 3,550 படி ஏறும் கால்கள்தானே, வருஷத்துக்கு ஒருமுறை வேண்டுதலுக்கு ஏறுவதோடு நிறுத்துவானேன்? தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும். அதிக எடை உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, அதாவது 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே, கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும்.

ஒன்று மட்டும். இந்த விகிதம் ஒரு துப்புதான், தீர்ப்பல்ல. கணக்குப் போட்டுவிட்டு நீங்களே மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். சர்க்கரை நோயோ தொப்பையோ இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்