காடு காத்த தமிழும் கருவறை மறந்த தமிழும்



சென்ற புரட்டாசித் திங்களில் ஒரு காரிக்கிழமையன்று, மேல்நிலை வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குச் சென்றிருந்தேன். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர் மலையின் மடியில் கிடக்கும் கானகம் அது. பளியர் குடிகள் வாழும் மண். சாம்பல்நிற மலையணிலுக்கென 1988-இல் காப்பிடமாக்கப்பட்டு, 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமான காட்டின் ஒரு பகுதி. கானகத் துறையினரின் இசைவு பெற்று, கல்லும் வேரும் காலை இடறும் தடத்தில் நடந்து சென்றால் காட்டழகர் கோயிலை அடையலாம்.

எங்களுக்கு முன்னே ஒரு மூதாட்டி ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிய போதெல்லாம் நின்று, “காட்டழகா, காட்டழகா” என்று சொல்லிச் சொல்லி ஏறினார். கோயிலை அடைந்ததும் மாணவன் ஒருவன், தன் கையிலிருந்த அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டினான். “ஐயா, இதில் சுந்தரராசப் பெருமாள் என்று போட்டிருக்கிறது. அந்தப் பாட்டி காட்டழகர் என்கிறார். இங்கே இரண்டு சாமிகளா?” என்று கேட்டான்.

நான் நாணினேன். இரண்டு சாமிகள் இல்லை. இரண்டு மொழிகள் இருக்கின்றன. ஒன்று வழிபடுகிறவள் மொழி. மற்றொன்று அச்சடிக்கிறவன் மொழி. எழுத்தறியாத அம் மூதாட்டியின் நாவில் தமிழ் நிற்கிறது; எழுதப் படித்தவன் தாளில் தமிழ் இல்லை. இதனைக் காட்டிலும் இழிவு வேறென்ன வேண்டும்?

அழகர் என்பதன் மொழிபெயர்ப்பே சுந்தரராசர். காடுறை நிலத்துக்கு மாயோனைத் தெய்வமாக வகுத்துச் சொன்னவர் தொல்காப்பியர். அம் முல்லைத் தெய்வம் இன்றும் காட்டிலேயே காட்டழகனாக நிற்கிறான். செண்பகமோ, கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஒன்று. ஆக, நிலமும் மலரும் தெய்வமும் சங்கத் தமிழுக்கு உரியனவாய் இருக்க, பெயர்ப்பலகை மட்டும் வேற்றுமொழிக்கு உரியதாவது எம் முறையில்?

இஃது ஓரிடத்து நோய் அன்று. அழகர்மலையின் சிலம்பாறு ‘நூபுர கங்கை’ ஆயிற்று. மறைக்காடு ‘வேதாரணியம்’ ஆயிற்று. முதுகுன்றம் ‘விருத்தாசலம்’ ஆயிற்று. அங்கயற்கண்ணி ‘மீனாட்சி’ ஆனாள். மூலம் தமிழாகவும் பெயர்ப்பு வடமொழியாகவும் இருக்க, பெயர்ப்பே மூலம் என்று நம் பிள்ளைகள் நம்பும் நிலை வந்துவிட்டது. என் மாணவன் கேட்ட கேள்வி அந் நிலையின் விளைவே.

திருவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வூர்ப் பிறப்பைப் பற்றி வழங்கும் கதை என்ன? இது மல்லி என்னும் அரசி ஆண்ட காட்டு நாடு. வில்லி, கண்டன் என இரு வேடர், உடன்பிறந்தார். கண்டனைப் புலி கொன்றது. துயருற்றுக் கிடந்த வில்லியின் கனவில் திருமால் தோன்ற, அவன் காடு திருத்திக் கோயில் எடுத்து ஊரும் அமைத்தான். வில்லி அமைத்த புதிய ஊர் வில்லிபுத்தூர். கதையை வரலாறாகக் கொள்வதும் கொள்ளாததும் அவரவர் உளப்பாடு. ஆனால் கதை சொல்லும் செய்தியை மறுப்பார் யார்? அவ்வூரை ஆக்கியவன் வேடன். அவன் வைத்த பெயர் தமிழ். அதன் தலையில் ‘சிறீ’ என்னும் வடசொல்லை ஏற்றி வைத்தோம். ‘திரு’ என்னும் நம் சொல் தேய்ந்துவிட்டதா?

ஆலிலைமேல் பள்ளிகொண்டவனுக்கு வடபெருங்கோயிலுடையான் என்ற அழகிய பெயர் இருக்க, ‘வடபத்திரசாயி’ என்றே எழுதுகிறோம். கோதையையோ ‘கோதா’ ஆக்கி, அதற்கு வடமொழி வேர் காட்டவும் துணிந்தனர். கோதை என்றால் மாலை. சேர வேந்தர் கோக்கோதை மார்பன் என்றும் மாக்கோதை என்றும் பெயர் பூண்டிருந்ததைப் புறநானூறு அறிந்தார் அறிவர். மாலை கட்டும் தந்தை, மாலை சூடிய மகளுக்கு இட்ட பெயருக்கு வேறு மொழியில் வேர் தேடுவானேன்?

கோயிலின் நாள் தமிழ், ஆண்டு தமிழ்

இன்னும் உன்னிப் பாருங்கள். அக் கோயிலில் மக்கள் உள்ளம் எங்கெங்கே தோய்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் தமிழே இருக்கிறது. மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் மூக்கும் அமைத்து, நாள்தோறும் புதிதாய்க் கிளி ஒன்று செய்து கோதையின் கையில் வைக்கின்றனர். அதற்குப் பெயர் கிளிதான்! மார்கழியில் அவள் தலைக்கு எண்ணெய்க் காப்பு. பிறந்தகம் வரும் பெண்ணுக்குக் காய்கறி பரப்பி வைத்து வரவேற்பது பச்சை பரத்தல். அரையர் பாடி ஆடிக் காட்டுவது முத்துக்குறி. ஆடிப்பூரத்தில் ஓடுவது தேர். சித்திரையில் மதுரை அழகருக்கும் புரட்டாசியில் திருமலைக்கும் போவது சூடிக் களைந்த மாலை. ஒரு வீட்டுப் பெண்ணைப் பேணுவதுபோல் ஊரே பேணுகிறது. பேணும் சொல்லெல்லாம் தாய்மொழி.

இத்துணைத் தமிழையும் வாயிலில் நிறுத்திவிட்டு, தேங்காய்த் தட்டைக் கையில் வாங்கிக் கருவறைக்குள் திரும்பியவுடன் மட்டும் மொழி மாறுவது ஏன்? தமிழ்நாட்டுப் பெருங்கோயில் பலவற்றிலும் இன்றுவரை நடைமுறை இதுதானே!

என் குற்றத்தையும் ஒளியாமல் சொல்கிறேன். வேறோர் ஊர்க் கோயிலில் (ஊர்ப் பெயர் வேண்டா) என் பெயரனுக்காக வழிபடச் சென்றிருந்தேன். “தமிழில் போற்றி சொல்லுங்கள்” என்றேன். “அதற்கு வேறு ஆள், இன்றைக்கு அவர் வரவில்லை” என்று விடை வந்தது. பின்னால் நீண்ட வரிசை. முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்த நான் வாய்மூடித் தட்டை நீட்டினேன். அடுத்துச் சொல்லப்பட்டவற்றுள் எனக்கு விளங்கியது என் பெயரன் பெயர் ஒன்றே. அது தமிழ்ப் பெயர் என்பதால். அன்று தோற்றது தமிழ் அன்று, நான்.

மறுப்பாருக்கு விடை

‘மறைமொழியின் ஆற்றல் அதன் ஒலியில் இருக்கிறது, தமிழுக்கு அவ் ஆற்றல் இல்லை’ என்பர். அங்ஙனமாயின் பெரியாழ்வார் கதைக்கு என்ன விடை சொல்வர்? பாண்டியன் அவையில் பொற்கிழி வென்று யானைமேல் உலா வந்தபோது திருமால் நேரில் தோன்ற, அவனுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சி அம் முதியவர் பல்லாண்டு பாடினார். எம் மொழியில்? அவரும் பட்டர் குலத்தவர்தாம், வடமறை அறிந்தவர்தாம். தெய்வத்தை நேரில் கண்ட நொடியில் அவர் நெஞ்சிலிருந்து வந்தது தமிழ். ஆகவே எம் வழக்கு எக் குலத்தாரோடும் அன்று. தமிழைப் புறந்தள்ளும் வழக்கத்தோடுதான்.

தந்தை பாடியவை 473. மகள் பாடியவை 173. திருமலையில் ஆண்டு முழுதும் வடமொழித் துயிலெழுப்பல். மார்கழியில் மட்டும் அதை நிறுத்திவிட்டுத் திருப்பாவை ஓதுகின்றனர். அத் திங்களில் திருமால் துயிலெழாமலா இருக்கிறான்? தெய்வம் உலாப் போகையில் நாலாயிரப் பனுவல் ஓதுவார் முன்னே செல்ல, வடமறை ஓதுவார் பின்னே வருவது மாலியக் கோயில்களின் மரபு. தெருவில் முன்னே செல்லத் தகுந்த தமிழ், கருவறையில் பின்னே நிற்கவும் தகாததா? கடல் கடந்த சயாம் நாட்டு அரண்மனை விழாவொன்று, திருவெம்பாவை திருப்பாவை ஆகியவற்றின் பெயர்த் திரிபாய்த் ‘திரியம்பாவாய் – திரிபாவாய்’ என்றே வழங்கியது. அங்கே பேரூசல் ஆட்டம் 1935-இல் நின்றபின்னும் கோயிற்சடங்கு நிற்கவில்லை. அயலான் மறைமொழியாகப் போற்றிய பாட்டு, பிறந்த மண்ணில் வெறும் பாட்டாம்!

‘இறைவனுக்கு எல்லா மொழியும் தெரியும், எதில் சொன்னால் என்ன?’ என்பர் வேறு சிலர். நன்று! எதில் சொன்னாலும் ஒன்றென்றால் தமிழில் சொல்லுங்கள். இறைவனுக்கு எல்லா மொழியும் தெரியும். வழிபடுவோனுக்கு அவன் மொழிதான் தெரியும். உரோமைத் திருச்சபை பல நூற்றாண்டு இலத்தீனத்தில் வழிபாடு நடத்தியது. 1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் பேரவைக்குப் பின் அந்தந்த நாட்டு மொழிக்கு இடங்கொடுத்தது. நம் தெருக்கோடித் தேவாலயத்திலும் இன்று தமிழ் ஒலிக்கிறது. வெளியிலிருந்து வந்த சமயம் தமிழுக்குக் கதவு திறந்தது. தமிழால் வளர்ந்த சமயம் தாழிட்டுக்கொண்டால் அது வெட்கம் அன்றோ?

‘ஆகமம் தடுக்கிறது’ என்பது இறுதிக் கணை. அதுவும் முறிந்துவிட்டது. தமிழில் வழிபடுவதை ஆகமம் தடுக்கவில்லை. மொழியைத் தேர்வது வழிபடுவோர் விருப்பம் என்று சென்னை உயர்வழக்குமன்றம் 2008-இல் தெளிவாக்கியது. 2020-இல் தஞ்சைப் பெருவுடையார் கோயில் குடமுழுக்கில் தமிழும் ஒலித்தது. 2021 ஆகத்து 5-ஆம் நாள் மயிலையில் தொடங்கி 47 கோயில்களில் அன்னைத் தமிழ் வழிபாட்டுத் திட்டம் அறிமுகமானது. போற்றி நூல்களும் அச்சாயின.

பூட்டு இல்லை, தட்டுவார் இல்லை

சட்டம் நம் பக்கம், மரபு நம் பக்கம், பாடியவரும் நம்மவர். பின் எது குறைவு? கேட்கும் வாய்தான்! கேட்பவன் நூற்றில் ஒருவனாக இருக்கும்வரை, ‘இன்றைக்கு ஆள் வரவில்லை’ என்ற விடையே வரும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனும் கேட்டால் ஆள் தானே வருவார். வழங்கப்பட்ட உரிமையை வழங்கியவன் வந்து ஊட்டிவிடமாட்டான். உரியவன்தான் உண்ண வேண்டும்.

ஆகலின் உடன்பிறப்புகளே, மூன்று செயல்களை இன்றே மேற்கொள்ளுங்கள். எக் கோயிலுக்குச் சென்றாலும் தட்டை நீட்டுமுன், “தமிழில் போற்றுங்கள்” என்று உரக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுத்து வடிவில் முறையிடுங்கள். திருவில்லிபுத்தூர் என்றே எழுதுங்கள். காட்டழகர், கோதை, வடபெருங்கோயிலுடையான் என்றே அச்சிடுங்கள். 1982-இல் மாயூரம் மீண்டும் மயிலாடுதுறை ஆனதே! ஒருகால் இழந்த பெயர் மீளாது என்று யார் சொன்னார்? மூன்றாவதாக, உங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பாவை முப்பதையும் பொருளோடு கற்பியுங்கள். நம்புவோர் பாட்டாக ஓதட்டும். நம்பாதோர் இலக்கியமாகப் படிக்கட்டும். இருவருக்கும் அது தாய்ச்சொத்தே.

செண்பகத்தோப்பிலிருந்து இறங்கி வருகையில் அம் மாணவன் தன் தாளை மடித்து, எழுதுகோலால் அச்சடித்த பெயரை அடித்துவிட்டு மேலே ‘காட்டழகர்’ என்று எழுதியதைக் கண்டேன். அடுத்த முறை தட்டை நீட்டும்போது நான் வாய்மூடி நிற்கமாட்டேன். நீங்கள்?