செகண்ட் ஹேண்ட் பிக்கப்: ‘4×4’ ஸ்டிக்கரை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

செகண்ட் ஹேண்ட் பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் பானட்டைத் திறக்கிறார்கள், டயரைத் தட்டுகிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்கிறார்கள். வண்டி 4×4 என்றால் கூடுதல் விலைக்கும் தயாராகிறார்கள். ஆனால் எந்தப் பாகத்துக்காக அந்தக் கூடுதல் பணமோ, அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்தப் பாகம்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

உடுமலைப்பேட்டை பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. மழைக்காலத்தில் தென்னந்தோப்புச் சேற்றில் இறங்கி லோடு ஏற்ற வேண்டிய வண்டி, லீவு நாளில் மூணாறு மலையும் ஏறும். வாங்குபவருக்கு அது பெரும்பாலும் கடனில் வரும் வண்டி. நடுத்தோப்பில் முன்சக்கரம் இழுக்காமல் நின்றால், கொடுத்த கூடுதல் பணம் வீண்.

என்ன வேலை செய்கிறது?

கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பெட்டி, இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 2எச் என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4எச் போட்டால் நான்கும் இழுக்கும். 4எல்-ல் வேகம் குறைந்து, இழுவிசை சுமார் இரண்டரை மடங்காகும்.

இருக்கா, இல்லையா?

ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இசுசு வி-க்ராஸிலேயே 4×2 வகையும் விற்பனைக்கு வந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் பாருங்க. பெட்டியிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்ட், முன்னால் ஒரு ஷாஃப்ட் போக வேண்டும். முன் அச்சிலும் டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது 4×4 ஆக ஓடாது. பல பெட்டிகளில் தயாரிப்பாளரின் சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டால், சரியான ஆயிலும் ஸ்பேரும் தேட உதவும்.

எந்த பிராண்ட் நல்லது?

எல்லோரும் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பெரிய அர்த்தம் இல்லை. புனேவின் திவ்கி டார்க்ட்ரான்ஸ்ஃபர் நிறுவனம், மஹிந்திரா, டாடா இரண்டுக்குமே டிரான்ஸ்ஃபர் கேஸ் சப்ளை செய்திருக்கிறது. வெளியே லோகோ வேறு, உள்ளே பெட்டி செய்தவர் ஒருவரே என்பது இந்தத் துறையில் சகஜம்.

வகையைத் தெரிந்துகொள்வது அதைவிடப் பயன் தரும். கியர் மூலம் ஓடும் பெட்டி கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் முரட்டுத்தனமாக உழைக்கும். செயின் வகை சத்தமில்லாதது. ஆனால் வருடக்கணக்கில் உழைத்து செயின் தளர்ந்தால், லோடில் ‘டக் டக்’ என்று பல் தாவும். லிவர் வைத்த வண்டியில் கோளாறுக்கான இடம் குறைவு. சுவிட்சைத் திருகி மாற்றும் வண்டியில் மோட்டார், ஒயரிங் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வில்லன் சேறு இல்லை, தார் ரோடு

ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர், மூணாறு ஏறும்போது, “மலை ரோடுதானே, சேஃப்டிக்கு 4எச் போட்டுக்கலாம்” என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு அங்கேதான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. பெரும்பாலான பிக்கப்களில் 4எச் போட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் செயின், கியர், ஜாயின்ட் தலையில் விழுகிறது. திரும்ப 2எச்-க்கு வராமல் சிக்கிக்கொள்வதும் இதனால்தான்.

ஆக, பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் பிராண்டைவிட முந்தைய ஓனரின் பழக்கத்துக்கே பங்கு அதிகம்.

அட்வான்ஸுக்கு முன் என்ன பார்க்கணும்?

• மண் தரையில் ஓட்டிப் பாருங்க. மெதுவாக நேராகப் போகும்போது 4எச், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் 4எல், பிறகு மீண்டும் 2எச். ஒவ்வொரு முறையும் சரியாக விழ வேண்டும். டேஷ்போர்டு விளக்கு விடாமல் மினுக்கினால் உஷார்.

• 4எல்-ல் சின்ன மேடு ஏற்றுங்க. தானாக நழுவி வெளியே வந்தாலோ, ‘டக்’ சத்தம் கேட்டாலோ விலை பேச்சை நிறுத்துங்க.

• மெக்கானிக்கை வைத்து ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்க. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ட்ரெயின் பிளக் காந்தத்தில் மெல்லிய பசை போன்ற தூள் சகஜம். உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

• ஷாஃப்ட் வெளியே வரும் இடங்களில் ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்க. கசிந்து ஆயில் குறைந்தபடியே ஓடிய பெட்டி, வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே தேய்ந்திருக்கும்.

மாற வேண்டியது என்ன?

‘இன்ஜின் கண்டிஷன், டயர் 80 சதவீதம்’ என்று எழுதும் கன்சல்டிங்காரர்கள், 4×4 வேலை செய்கிறதா, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதையும் எழுதித் தர வேண்டும். கூடுதல் விலை கேட்பவருக்கு அதை ஓட்டிக் காட்டும் பொறுப்பும் உண்டு. “இங்க மண் ரோடு இல்லீங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னால், 4×2 விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.