சட்டியில் இல்லாததை அகப்பை கொண்டுவருமா?

இந்தியக் கால்பந்து அணி தோற்றால் போதும், உடனே ஒரு குரல் கிளம்பிவிடும்: "கோச்சை மாத்தணும் சார்." காலையில் நடக்க வரும் நண்பர்கள் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள். கால்பந்தே பார்க்காதவர்கள்கூடச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காட்டமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்வதுதான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கோச் என்பவர் அகப்பை. நாம் வருஷத்துக்கு ஒரு அகப்பை வாங்குகிறோம். மர அகப்பை, எவர்சில்வர் அகப்பை, வெளிநாட்டு அகப்பை எல்லாம் பார்த்தாயிற்று. சட்டிக்குள் எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி?" என்று கேட்பீர்கள். நானும் இந்தியாவின் கோச்சாக இருந்தவன்தான் ஐயா. சிரிக்காதீர்கள். 21 வயதுக்குட்பட்டோர் அணி. ஆனால் மைதானத்தில் இல்லை, கணினியில்.

'ஹாட்ரிக்' என்று இணையத்தில் ஒரு விளையாட்டு உண்டு. 1997-ல் சுவீடனில் தொடங்கியது. இதில் பந்தை யாரும் உதைப்பதில்லை. பட்டனைத் தட்டி ஓடவிடுகிற விளையாட்டும் இல்லை. நமக்கென்று ஒரு கிளப் கொடுப்பார்கள். வீரர்களை வாங்கலாம், விற்கலாம், பயிற்சி கொடுக்கலாம், ஸ்டேடியம் கட்டலாம், வரவு செலவு பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். அவசரமே கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பிரிவில் பேரேடு புரட்டியவனுக்கு ஏற்ற விளையாட்டு. ஓய்வு பெற்ற புதிதில், நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் என் பேரன் சேர்த்துவிட்டான்.

இதில் ஒவ்வொரு நாட்டுக்கும் தேசிய அணி உண்டு. அதன் கோச்சை யாரும் நியமிப்பதில்லை. அந்த நாட்டில் கிளப் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் நின்றேன். இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி மாதிரி நாடுகளோடு ஒப்பிட்டால் நம்மவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தான். போட்டி பலமாக இல்லை, ஜெயித்துவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் பாயசம்.

மறுநாள்தான் பதவியின் லட்சணம் தெரிந்தது. தேசிய அணியின் கோச்சுக்கு ஒரு வீரன்கூடச் சொந்தம் கிடையாது. வாங்க முடியாது, விற்க முடியாது. முக்கியமானது, பயிற்சி கொடுக்க முடியாது. உலகம் முழுக்க யார் யாருடைய கிளப்பிலோ இருக்கிற இந்தியப் பையன்களைக் கூப்பிடலாம், பதினோரு பேரை நிறுத்தலாம், எப்படி ஆட வேண்டும் என்று சொல்லலாம். அதோடு அதிகாரம் முடிந்தது. ஒரு பையனின் திறமை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக்கூட அவன் கிளப்காரருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அந்த விளையாட்டில் ஒரு வீரனுக்கு 112 நாள் கழிந்தால் ஒரு வயது கூடும். பையன் 17 வயதில் கிளப்புக்கு வருகிறான். 22 ஆனால் என் அணியில் இடம் இல்லை. இடையில் ஐந்து வயது, அதாவது 560 நாள். சரியாக 80 வாரம். அந்த 80 வாரமும் அவன் கிளப்காரர் கோல் அடிக்கும் பயிற்சியையே கொடுத்தால்தான் எனக்கு ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் கிடைப்பான். ஒரு கிளப் ஒரு வாரத்தில் ஒரு வகைப் பயிற்சிதான் கொடுக்க முடியும். கோல் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் கோல்கீப்பர் வளர மாட்டான், தடுப்பாட்டக்காரன் வளர மாட்டான். இன்னொன்று, பையன் அந்த வார ஆட்டத்தில் முன்வரிசையில் இறங்கி ஆடியிருந்தால்தான் பயிற்சி உடம்பில் ஏறும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஏறாது.

ஆக, ஒரு ஸ்ட்ரைக்கரை உருவாக்குவது கோச் இல்லை. யாரோ ஒரு கிளப்காரரின் ஒன்றரை வருஷப் பொறுமை.

அந்தப் பொறுமை யாரிடம் இருந்தது? நம் நாட்டுக் கிளப்காரர்கள் பலருக்கு எழுதினேன். "சார், எனக்கு இந்த சீசன் லீக் ஜெயிக்கணும், இருபத்தெட்டு வயசு வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் மலிவாக் கிடைச்சான், உங்க பையனை எங்கே ஆட வைக்கிறது?" என்றார் ஒருவர். இன்னொருவர் நல்ல பையனை ஏலத்தில் விற்றுவிட்டு, ஸ்டேடியத்துக்கு நாற்காலி போட்டார். கடைசியில் நம் பையன் ஒருவனை 80 வாரம் வளர்த்துக் கொடுத்தவர் போலந்தில் இருக்கிற ஒரு மனிதர். இந்தியா பக்கமே வந்ததில்லையாம். "வாக்குக் கொடுத்தேன், செய்தேன்" என்று ஒரு வரி எழுதினார். அந்தப் பையன்தான் என் காலத்தில் இந்தியாவுக்குக் கோல் போட்டான்.

அடுத்த தேர்தலில் என்னை இறக்கிவிட்டார்கள். "கோச் சரியில்லை, கோலே விழவில்லை" என்று சத்தமாகச் சொன்னவர்களில், பையனை விற்று நாற்காலி போட்டவரும் ஒருவர்!

விளையாட்டுச் சமாச்சாரம்தானே என்று நான் விட்டிருப்பேன். ஆனால் செய்தித்தாளைத் திறந்தால் அங்கேயும் அதே கதை நடக்கிறது.

2024 ஜூன் 6-ல் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடிவிட்டு சுனில் சேத்ரி ஓய்வு பெற்றார். அந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா வெளியேறியது. அதே மாதம் கோச் இகோர் ஸ்டிமாச்சை நீக்கினார்கள். மனோலோ மார்க்கேஸ் வந்தார். அவர் என்ன செய்தார்? 2025 மார்ச்சில் நாற்பது வயது சேத்ரியையே திரும்பக் கூப்பிட்டார். ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவார் அந்த மனிதர்? 2024-25 ஐ.எஸ்.எல். போட்டியில் இந்தியர்களில் அதிகக் கோல் போட்டவர் அந்த நாற்பது வயதுக்காரர்தான், 14 கோல். அவரும் வந்தார். ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு கோல் இல்லாத டிரா. ஹாங்காங்கில் 0-1 தோல்வி. மார்க்கேஸும் போனார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக் கதவும் மூடியது. 14 மாதத்தில் மூன்று அகப்பை. உள்ளே எடுத்துப் போட ஏதாவது இருந்ததா?

இப்போது சட்டியைப் பாருங்கள். ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியது. முதல் வருஷம் அதிகக் கோல் போட்டதற்காகத் தங்க பூட் வாங்கியவர் நம் சென்னையின் எலானோ, பிரேசில்காரர். சென்னைக்காரர்களுக்கு அவரை மறந்திருக்காது. அன்றிலிருந்து 2024-25 வரை ஒரு வருஷம்கூட அந்த பூட் ஓர் இந்தியனுக்குக் கிடைக்கவில்லை. காரணம், பணம் போட்டுக் கிளப் நடத்துபவர் முதலில் வாங்குவது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை. கோல் போட்டால் ஆட்டம் ஜெயிக்கும், ஆட்டம் ஜெயித்தால் கூட்டம் வரும். களத்தில் ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்து, 2021-22-ல் நான்காக்கினார்கள். அந்த நான்கில் ஒன்று முன்வரிசைக்குத்தான் பெரும்பாலும் போகிறது. நம் பையன் என்ன செய்கிறான்? ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான், இல்லையென்றால் பெஞ்ச். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குப் பயிற்சி ஏறாது என்று என் கணினிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

"அப்போ ரஹீம் மட்டும் எப்படி ஜெயிச்சார்?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சையத் அப்துல் ரஹீம் 1950 முதல் 1963-ல் சாகும் வரை இந்திய அணியின் கோச். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக நம் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ் போட்டாரே ஒரு கோல், அதுதான் இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல். அப்போதும் கோச் ரஹீம்தான். மேதை, சந்தேகமில்லை.

ஆனால் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறோம். அவர் அதே காலத்தில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் கோச். 1950 முதல் தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கு. தினமும் காலையில் மைதானத்தில் அவர் வளர்த்த பையன்கள் பலர் நேராக இந்திய அணிக்குப் போனார்கள். சட்டியும் அவர் கையில், அகப்பையும் அவர் கையில். அதோடு, பதின்மூன்று வருஷம் யாரும் அவரை மாற்றவில்லை. இன்றைய கோச்சுக்குக் கிடைப்பது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முகாம். அதற்கும் கிளப்புகள் பையன்களை விடுமா விடாதா என்று காத்திருக்க வேண்டும். ரஹீமை இன்று எழுப்பிக் கொண்டுவந்தாலும் ஒரு தோல்வியில் நாம் கூச்சல் போடுவோம், ஒரு வருஷத்தில் அவரும் பெட்டியைக் கட்டுவார்.

கிளப்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர் தர்ம சத்திரம் நடத்தவில்லை. சொந்தப் பணத்தைக் கொட்டி, நாட்டுக்காகத் தோற்றுக்கொண்டிரு என்றால் யார் கேட்பார்? நானும் அந்த விளையாட்டில் தேசபக்தி பேசித்தான் கடிதம் எழுதினேன். பதில் என்ன வந்தது என்று மேலே சொல்லிவிட்டேன். தேசபக்தியை நம்பி ஸ்ட்ரைக்கர் வளர்க்க முடியாது. அதற்கு விதி வேண்டும், கூலி வேண்டும். இருபத்தொரு வயதுக்குட்பட்ட நம் பையனை இத்தனை நிமிடம் முன்வரிசையில் ஆட வைத்தே ஆக வேண்டும் என்று விதி போடட்டும். அப்படி வளர்த்த கிளப்புக்கு, அவன் இந்தியச் சட்டை போடுகிற ஒவ்வொரு முறையும் கணிசமான தொகை கொடுக்கட்டும். கோச்சுகளை நீக்கி நஷ்டஈடு கொடுப்பதைவிட இது உருப்படியான செலவு.

"கணினியில் பொம்மை விளையாட்டு ஆடிவிட்டு நாட்டுக்குப் புத்தி சொல்ல வந்துட்டார்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அந்த விளையாட்டில் மழை ஆடையை நனைக்காது, முட்டியில் அடிபட்டவனின் அம்மா அழ மாட்டாள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. 80 வாரம் என்றால் 80 வாரம். எழுபத்தொன்பதாவது வாரம் நாம் கத்தினாலும் எண்பது ஆகாது. நிஜத்தில் நாம் அந்தக் கணக்கைப் பார்க்காமல் ஆளை மாற்றுகிறோம். கணக்குப் பார்த்தவனுக்கு வயிறு எரியாதா?

வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உதைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். எங்கள் பொன்மலை ரயில்வே மைதானப் பக்கம் சாயங்காலம் வந்து பாருங்கள், பத்து வயசுப் பொடியன் இரண்டு பேரை ஏய்த்துவிட்டு கோல் போடுகிறான். சட்டியில் போட அரிசி இல்லாத நாடு இல்லை இது. பதினேழு வயசில் அவனை ஒரு கிளப் எடுத்து, இருபத்திரண்டு வரை முன்வரிசையிலேயே ஆட விட வேண்டும். அதைத்தான் நாம் செய்வதில்லை.

ஆகவே அடுத்த முறை இந்தியா தோற்கும்போது, கோச் யார் என்று கேட்காதீர்கள். நம் ஸ்ட்ரைக்கர் போன வருஷம் தன் கிளப்புக்காக எத்தனை நிமிடம் அந்த இடத்தில் ஆடினான் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், கோச்சை விட்டுவிடுங்கள். பாவம், அவர் வெறும் அகப்பை.